லாரி இன்ஜின் உதறுகிறதா? பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

சேலத்தில் லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர் பக்கம் கிளம்பிய ஒரு பத்துச் சக்கர வண்டி, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் மூச்சு முட்டி நின்றுவிட்டது. "அண்ணே, சமதளத்துல நல்லாத்தானுங்க வந்துச்சு. ஏத்தம் ஆரம்பிச்சதும் உதறுதுங்க. ஆக்சிலேட்டரை மிதிச்சா ஒண்ணுமே இல்லீங்க" என்றார் டிரைவர் தம்பி போனில். அருகில் இருந்த பட்டறையில் டீசல் பம்ப் போய்விட்டது என்று சொல்லி, அதைக் கழற்றி அளவு சரிபார்க்கும் காலிபரேஷனுக்கு அனுப்பி, இரண்டு நாள் கழித்து மாட்டிக் கொடுத்தார்கள். வண்டி அதே ஏற்றத்தில் அதே மாதிரி உதறியது.

நான் போய்ப் பார்த்தபோது டீசல் டேங்குக்கு மூடியே இல்லை. எப்போதோ தொலைந்துபோன மூடிக்குப் பதிலாகப் பனியன் வேஸ்ட்டைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். அதிலிருந்து பிரிந்த நூல் டேங்குக்குள் விழுந்து, டீசலை உறிஞ்சும் குழாயின் அடியில் உள்ள சல்லடையைச் சுற்றிக்கொண்டிருந்தது. சல்லடையைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, புது மூடி போட்டதோடு வேலை முடிந்தது. பம்பில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை. இரண்டு நாள் வாடகையும் காலிபரேஷன் கூலியும் வீணாய்ப் போயின.

இப்படி எத்தனையோ வண்டிகளைப் பார்த்துவிட்டேன். டீசல் கோளாறு என்றதும் கை நேராக, டீசலை அழுத்தித் தள்ளும் பம்புக்கும், அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் போகிறது. ஆனால் கோளாறு பெரும்பாலும் டேங்குக்கும் ஃபில்டருக்கும் இடையில், கிளாம்பிலோ வாஷரிலோ ஓஸிலோ இருக்கிறது. அதனால் எந்த அறிகுறி தெரிந்தாலும் டேங்கிலிருந்து ஆரம்பித்து இன்ஜினை நோக்கிப் போங்கள். எதிர்த்திசையில் போனால் செலவுதான் கூடும்.

ஸ்பானர் எடுக்கும் முன்

முதலில் டிரைவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எப்போது உதறுகிறது? காலையில் குளிர்ந்த இன்ஜினிலா, சூடேறிய பிறகா? லோடோடு மட்டுமா, காலி வண்டியிலுமா? டேங்கில் எவ்வளவு டீசல் இருக்கும்போது? கடைசியாக எங்கே டீசல் போட்டது? அண்மையில் ஃபில்டர் மாற்றினார்களா? மெல்ல மெல்ல வந்ததா, திடீரென்று வந்ததா? இந்தக் கேள்விகளில் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். ஃபில்டர் மாற்றிய மறுநாளே ஆரம்பித்தது என்றால் நீங்கள் தேட வேண்டிய இடம் ஒரு சாண் அகலம்தான். வண்டியோடு நாள் முழுக்க இருப்பவர் டிரைவர். அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

அடுத்து, இது டீசல் கோளாறுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஓஸ் கிழிந்திருந்தாலும் வண்டி இழுக்காது, கரும்புகை தள்ளும். வால்வுகளின் டேப்பட் இடைவெளி தவறியிருந்தாலும் ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கும். இன்ஜின் மவுன்டிங் ரப்பர் பிய்ந்திருந்தால் இன்ஜின் ஒழுங்காக ஓடினாலும் கேபின் அதிரும். இவற்றைப் பார்க்க அரை மணி நேரம் போதும்.

டீசல் போகும் பாதையை மூன்று துண்டாக மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். டேங்கிலிருந்து, டீசலை இழுத்துக் கொடுக்கும் சிறிய ஃபீட் பம்ப் வரை உறிஞ்சும் பக்கம். இங்கே ஓட்டை இருந்தால், இன்ஜின் ஓடும்போது டீசல் பெரும்பாலும் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் இந்தப் பக்கத்துக் கோளாறு கண்ணில் படாமல் ஏமாற்றுகிறது. ஃபீட் பம்பிலிருந்து பெரிய பம்பின் வாய் வரை குறைந்த அழுத்தப் பக்கம். இங்கே ஓட்டை இருந்தால் ஈரம் தெரியும். அதற்கு மேல் பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரை உயர் அழுத்தம்.

உங்கள் வண்டி எந்த வகை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2020 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு வாங்கிய லாரி என்றால் காமன் ரெயில் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய வண்டிகளில் காமன் ரெயிலும் உண்டு, பழைய இன்லைன் பம்பும் உண்டு. போனட்டைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். சிலிண்டருக்கு ஒரு பைப் நேராகப் பம்பிலிருந்தே கிளம்பினால் இன்லைன். பம்பிலிருந்து ரெயில் என்னும் ஒரு தடித்த இரும்புக் குழலுக்குப் போய், அங்கிருந்து இன்ஜெக்டர்களுக்குப் பிரிந்தால் காமன் ரெயில். இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. இன்லைன் வண்டியில் இன்ஜெக்டர் சாதாரணமாக 200, 250 பார் அழுத்தத்தில் திறக்கும். காமன் ரெயிலில் லோடு ஏறும்போது 1,600 பாருக்கு மேல் போகும். ஓடும் இன்ஜினில் அந்தப் பைப் நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும், உள்ளே சதை செத்துப்போகும். அப்படி நடந்துவிட்டால் வலி இல்லையே என்று ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டீசல் பீறிட்டுத் துளைத்தது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லவும் வேண்டும். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். அட்டைத் துண்டு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள்.

காலையில் ஸ்டார்ட் ஆக அடம். ஆனதும் கொஞ்சம் உதறி, பிறகு சரியாகிவிடுகிறது

இரவு நின்ற நேரத்தில் பைப்பில் இருந்த டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. காலையில் செல்ஃப் அடிக்கும்போது அந்தக் காற்றைத் தள்ளிய பிறகுதான் டீசல் வருகிறது. மூக்கு மேடாக நிறுத்திய இரவுகளில் மட்டும் தொந்தரவு அதிகம் என்று டிரைவர் சொன்னால் சந்தேகமே வேண்டாம்.

சோதனை எளிது. செல்ஃப் அடிக்கும் முன் ஃபீட் பம்பில் உள்ள ஹேண்ட் பம்பை அழுத்திப் பாருங்கள். வழக்கமாக நாலைந்து அழுத்தில் கடினமாகிவிடும். இருபது, முப்பது தடவை தொளதொளவென்று போய், பிறகு கடினமானால் டீசல் இறங்கியிருக்கிறது. அப்படிக் கடினமான பிறகு ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனால், கோளாறு உறிஞ்சும் பக்கத்திலோ, ஃபீட் பம்பின் வால்விலோ, மிஞ்சிய டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைனிலோதான்.

இடத்தைக் கண்டுபிடிக்க, ஃபீட் பம்புக்குள் டீசல் நுழையும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் ஓஸைக் கிளாம்ப் போட்டு இணையுங்கள். இன்ஜின் ஓடும்போது அதில் குமிழி தொடர்ந்து வந்தால் டேங்குக்கும் அந்த ஓஸுக்கும் இடையில் காற்று உள்ளே வருகிறது. அடுத்து அந்த ஓஸை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் நகர்த்துங்கள்: டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டருக்கு முன், பிறகு டேங்க் வாய். குமிழி எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்துக்கும் அதற்கு முன் சோதித்த இடத்துக்கும் நடுவில் உள்ள இணைப்புதான் குற்றவாளி. சோதனை முடிந்ததும் அந்த ஓஸை எடுத்துவிட்டு ஒழுங்கான டீசல் ஓஸ் போடுங்கள். பிளாஸ்டிக் ஓஸோடு லோடு ஏற்றி அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சூட்டில் அது இளகிக் கழன்றுவிடும்.

நான் அதிகம் பார்த்த காரணம் காப்பர் வாஷர்தான். டீசல் பைப்பை இணைக்கும், நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் பழைய வாஷரையே போடுகிறார்கள். ஒரு தடவை நசுங்கிய செம்பு இறுகிப்போய்விடும், மறுபடி உட்காராது. புது வாஷர் சில ரூபாய்தான். வழியில் கிடைக்காவிட்டால் பழைய வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தால் செம்பு மறுபடி மென்மையாகும். அதன் மேல் கோடு, பள்ளம் இல்லையென்றால் ஊர் போய்ச் சேரும் வரை தாங்கும். அடுத்த காரணங்கள் ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் சீல், ஹேண்ட் பம்பின் சீல், வெயிலில் வெடித்த ஓஸ். இன்ஜெக்டர்களின் மேலே ஓடும் மெல்லிய ரிட்டர்ன் பைப்பையும் விட்டுவிடாதீர்கள். அதில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் இரவில் காற்று அந்த வழியாக நுழையும்.

சமதளத்தில் நன்றாக ஓடுகிறது. ஏற்றத்தில் இழுக்கவில்லை, உதறுகிறது

ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போது இன்ஜின் குடிக்கும் டீசல் கொஞ்சம். பாதி அடைத்த ஃபில்டர் வழியாகக்கூட அது வந்துவிடும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் முழு லோடோடு ஏறும்போது பல மடங்கு கேட்கும். அப்போதுதான் அடைப்பு தெரியும். எனவே இந்த அறிகுறிக்கு முதல் பெயர் அடைப்பு. பெரும்பாலும் ஃபில்டர்.

ஃபில்டரை மாற்றுவதோடு விடாதீர்கள். பழைய ஃபில்டரில் உள்ள டீசலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். துருப்பொடி இருந்தால் டேங்கின் உள்பக்கம் அரிக்கிறது. கறுப்புக் கூழ் மாதிரி வழுவழுப்பாக இருந்தால், டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கி, டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்திருக்கிறது. டேங்கை இறக்கிக் கழுவாமல் எத்தனை ஃபில்டர் போட்டாலும் மறுபடி அடைக்கும். வெள்ளி மாதிரி மினுக்கும் தூள் இருந்தால் விஷயம் பெரிது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஃபில்டர் புதிதாகியும் இழுக்கவில்லையா? அடுத்தது கேன் சோதனை. இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது. சுத்தமான கேனில் நல்ல டீசல் ஊற்றி, சைலன்சர் சூடு படாத இடத்தில், சேசிஸில் அசையாமல் கட்டுங்கள். டேங்கிலிருந்து வரும் ஓஸை ஃபீட் பம்பின் வாயில் கழற்றிவிட்டு, அங்கே வேறொரு டீசல் ஓஸை மாட்டி, அதையும் ரிட்டர்ன் ஓஸையும் கேனுக்குள் விட்டு, காற்றுப் போக வழி விட்டு வாயை மூடுங்கள். கொஞ்ச தூரம் லோடோடு ஓட்டிப் பாருங்கள். உதறல் போய்விட்டால் இன்ஜின், பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் நல்லபடி இருக்கின்றன. கோளாறு டேங்க், அதன் சல்லடை, அங்கிருந்து வரும் பைப், வழியில் இருக்கும் செபரேட்டர் இவற்றுக்குள்தான். உதறல் அப்படியே இருந்தால் மேலே ஏறுங்கள். பம்பைக் கழற்றச் சொல்லி யார் சொன்னாலும், இந்தச் சோதனை செய்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள்.

பைப் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே சில ரப்பர் ஓஸ்களின் சுவர் பிரிந்து தொங்கும். மெதுவாக ஓடும்போது வழி விடும், வேகமாக உறிஞ்சும்போது வால்வு மாதிரி மூடிக்கொள்ளும். ஓஸை வளைத்து அமுக்கிப் பார்த்தால் உள்ளே மெத்தென்று தெரியும்.

இன்லைன் பம்ப் வண்டியில் இன்னொன்று உண்டு. பம்பின் பக்கவாட்டில் ரிட்டர்ன் போகும் இடத்தில் ஓவர்ஃப்ளோ வால்வு இருக்கும். அதன் உள் ஸ்பிரிங் உடைந்தோ தளர்ந்தோ போனால் பம்புக்குள் அழுத்தம் நிற்காது, வந்த டீசல் எல்லாம் டேங்குக்கே ஓடிவிடும். இழுவை போய்விடும், ஐடில் நன்றாக இருக்கும். பம்பை மொத்தமாக இறக்கிய எத்தனையோ இடங்களில் இந்தச் சிறு வால்வை மாற்றினால் போதுமாக இருந்திருக்கும். பழுதுபார்த்தவர் அதற்குப் பதிலாகச் சாதாரணப் பேஞ்சோ போல்டை மாட்டிவிட்டதையும் பார்த்திருக்கிறேன். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்.

ஓடிக்கொண்டே இருந்து தானாக அணைகிறது. பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடுகிறது

டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டால் விடை கிடைத்துவிட்டது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். மூடியிலோ வென்ட் குழாயிலோ உள்ள துளை சேற்றால் அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் ஏற்பட்டு, ஃபீட் பம்பால் இழுக்க முடியாமல் போகும். நின்ற நேரத்தில் மெல்லக் காற்று புகுந்ததும் வண்டி ஓடும்.

சத்தம் இல்லையென்றால் சல்லடைதான். ஓடும்போது குப்பை இழுபட்டு ஒட்டிக்கொள்கிறது, அணைத்ததும் விழுந்துவிடுகிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு கதை. டேங்க் பாதிக்கு மேல் இருக்கும் வரை வண்டி தங்கமாக ஓடும். பாதிக்குக் கீழே இறங்கியதும் உதறும், வளைவில் திரும்பினால் அதிகமாகும். டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் நடுவில் வெடிப்பு. டீசல் மூழ்கியிருக்கும் வரை வெடிப்பும் டீசலைத்தான் உறிஞ்சும். மட்டம் இறங்கியதும் காற்றை உறிஞ்சும். இந்தக் கோளாறுள்ள வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவரும்போது டேங்கை நிரப்பிக்கொண்டு வந்தால் எந்த மெக்கானிக்காலும் கண்டுபிடிக்க முடியாது.

ஐடிலில் ஏறி ஏறி இறங்குகிறது

மெக்கானிக்குகள் ஹன்ட்டிங் என்பார்கள். பெரும்பாலும் காற்றுதான். மேலே சொன்ன தெளிவு ஓஸ் சோதனையே இதற்கும். காற்று இல்லை என்று உறுதியானால் மட்டும் இன்லைன் பம்பில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் இணைப்புகளையும், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோல் ரேக் சிக்காமல் நகர்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். அதை பெஞ்சில் வைத்துத்தான் சரிசெய்ய முடியும். கவர்னர் ஸ்க்ரூவின் சீலை ரோட்டோரத்தில் உடைத்துத் திருகாதீர்கள்.

ஒரே தாளத்தில் ஒரு சிலிண்டர் மட்டும் விடுகிறது

தாளம் மாறாமல் ஒரே இடைவெளியில் "டக்" விழுந்தால், கோளாறு பொதுவானதல்ல, ஒரு சிலிண்டரைச் சேர்ந்தது. எது என்று காண, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடம் விட்டு, எக்சாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். வேலை செய்யும் சிலிண்டரின் கிளையில் சுர்ரென்று ஆவியாகும். செத்த சிலிண்டரின் கிளையில் வழிந்து ஓடும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் சுத்தமாகத் தெரியும்.

இன்லைன் பம்ப் வண்டியில், அதில் மட்டுமே, இன்னொரு வழி உண்டு. ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரின் பைப் நட்டையும் துணியால் மூடி அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். தளர்த்தியதும் இன்ஜின் சத்தம் மாறினால் அந்தச் சிலிண்டர் அதுவரை வேலை செய்துகொண்டிருந்தது. மாறவே இல்லையென்றால் அதுதான். இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

சிலிண்டர் தெரிந்த உடனே இன்ஜெக்டரை மாற்றிவிட வேண்டாம். பக்கத்துச் சிலிண்டரின் இன்ஜெக்டரை இங்கே, இதை அங்கே போட்டுப் பாருங்கள். கோளாறு இன்ஜெக்டரோடு நகர்ந்தால் அதன் முனையில் உள்ள நாசில். பழைய சிலிண்டரிலேயே நின்றால் பம்பின் டெலிவரி வால்வு, டேப்பட், அல்லது கம்ப்ரஷன். இன்ஜெக்டரின் அடியில் உள்ள காப்பர் வாஷரை ஒன்றுக்கு மேல் போடாதீர்கள். பழையது உள்ளேயே ஒட்டியிருக்க, அதன் மேல் புதியதைப் போட்டுவிடுவது சகஜமாக நடக்கிறது. அந்த வாஷர் சரியாக உட்காராவிட்டால் "சுஃப் சுஃப்" என்று சத்தம் வரும், இன்ஜெக்டரைச் சுற்றிக் கறுப்புக் கரி படியும்.

காமன் ரெயிலில் இதை ஸ்கேனரே செய்யும். ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கும் வசதி அதில் உண்டு. லாரிகளில் வரும் கோளாறு எண்களில் எஸ்பிஎன் 651 முதல் 656 வரையானவை ஒன்று முதல் ஆறு வரையான இன்ஜெக்டர்களைக் குறிக்கும். எண் வந்த உடனே இன்ஜெக்டர் வாங்க ஓடாதீர்கள். முதலில் அதன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். ஊசி பச்சை பூத்திருக்கிறதா, வயர் எங்காவது உரசித் தேய்ந்திருக்கிறதா? எலி கடித்த வயரால் வந்த கோளாறை நானே பார்த்திருக்கிறேன். இன்ஜெக்டரை மாற்றும்போதோ இடம் மாற்றும்போதோ பல வண்டிகளில் அதன் தலையில் உள்ள குறியீட்டை இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியுவில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் புது இன்ஜெக்டரோடும் உதறும்.

காமன் ரெயில்: லைட் எரிகிறது, வேகம் ஏறவில்லை

ஸ்கேனரில் பி 0087 என்றோ, எஸ்பிஎன் 157 என்றோ கோளாறு எண் வந்தால் ரெயில் அழுத்தம் சம்பந்தப்பட்டது. பி 0087 அழுத்தம் போதவில்லை என்று சொல்கிறது. ஏன் போதவில்லை என்று அது சொல்லாது. நிறைய பேர் இதைப் படித்த உடனே உயர் அழுத்தப் பம்ப் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஆனால் பம்புக்கு டீசலே வரவில்லையென்றால் அது எதை அழுத்தும்? முதலில் ஃபில்டர், காற்று, கேன் சோதனை. வரிசையை மாற்றாதீர்கள்.

அவை சரி என்றால் ரிட்டர்ன் சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பைப்பையும் கழற்றி, ஒரே அளவுள்ள தெளிவான பாட்டில்களில் தனித்தனியாக விடுங்கள். ஐடிலில் சில நிமிடம் ஓடட்டும். எல்லாம் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிரம்ப வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மூன்று மடங்கு நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்து, அழுத்தத்தைக் கசியவிடுகிறது. இன்ஜின் ஸ்டார்ட்டே ஆகவில்லையென்றால் செல்ஃப் அடித்தபடி இதே சோதனை. ரெயிலில் ஏறத்தாழ 200 பார் ஏறாவிட்டால் பல வண்டிகளில் இசியு இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது. செல்ஃபை ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், இடையில் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள்.

பாட்டில்கள் சமமாக இருந்தால் மீட்டரிங் வால்வு, ரெயிலின் முனையில் உள்ள பிரஷர் லிமிட்டிங் வால்வு, சென்சார், கடைசியாகப் பம்ப்.

இப்போது அந்த மினுக்கும் தூள். ஃபில்டரில் உலோகத் தூள் வந்தால் அது டேங்கிலிருந்தே வருகிறதா, பம்ப் தேய்ந்து ரிட்டர்ன் வழியாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். பம்ப் தேய்ந்திருந்தால் பம்பை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. அந்தத் தூள் ரெயில், பைப், இன்ஜெக்டர், டேங்க் எல்லா இடத்திலும் போயிருக்கும். எல்லாவற்றையும் கழுவி, தேவையானதை மாற்றாமல் விட்டால் புதுப் பம்பும் அதே வழியில் போகும். இது பெரிய செலவுதான். முதலாளியிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மண்ணெண்ணெய் கலந்த டீசல் பம்பை இப்படித் தேய்க்கும். டீசலுக்கு உள்ள வழவழப்பு அதில் இல்லை.

டீசல் போட்டுவிட்டுக் கிளம்பியதும் உதறல், வெண்புகை

தண்ணீர். செபரேட்டரின் அடிக் குழாயைத் திறந்து ஒரு தெளிவான பாட்டிலில் பிடித்து, கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தங்கும், டீசல் மேலே நிற்கும், நடுவில் கோடு தெரியும். கொஞ்சம் என்றால் வடித்துவிட்டு ஓட்டலாம். பாட்டில் பாதி தண்ணீர் என்றால் இன்ஜினை அப்போதே அணைத்துவிட்டு டேங்கைக் காலி செய்யவேண்டும். தண்ணீர் போன காமன் ரெயில் இன்ஜெக்டர் பிறகு தேறாது.

பங்கில் சந்தேகம் வந்தால் அன்றைய அடர்த்தி எழுதிய பலகையைப் பாருங்கள். ஹைட்ரோமீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. டேங்கர் வந்து டீசல் இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் போடாதீர்கள், அடியில் தங்கிய கசடும் தண்ணீரும் அப்போது கலங்கும். மழைக்காலத்தில் வண்டியைப் பல நாள் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். காலி இடம் குறைந்தால் உள்ளே வியர்க்கும் தண்ணீரும் குறையும்.

வெண்புகை எல்லாம் டீசல் கோளாறு அல்ல. கண் எரிந்து டீசல் வாடை அடித்தால் எரியாத டீசல். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் அது ஹெட் காஸ்கெட் பக்கம்.

பிஎஸ்-6 வண்டிகளில், புகையைச் சுத்தப்படுத்தத் தனி டேங்கில் ஊற்ற வேண்டிய யூரியாவை டீசல் டேங்கில் ஊற்றிவிடும் தவறும் நடக்கிறது. டிரைவர்கள் யூரியா என்று சொல்லும் அந்தக் கரைசலில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான், மீதி யூரியா. ஊற்றியது தெரிந்தால் சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். சாவி போட்டாலே சில வண்டிகளில் மின் பம்ப் டீசலை இழுக்க ஆரம்பித்துவிடும். டேங்கை இறக்கிக் கழுவினால் அதோடு போயிற்று. ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்ப் முதல் இன்ஜெக்டர் வரை போய்விடும். தவறு செய்த பையனைத் திட்டினால் அடுத்த தடவை சொல்லாமல் மறைப்பான். உடனே சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள்.

கரும்புகையும் நாக்கிங் என்னும் தட்டும் சத்தமும்

ஏர் ஃபில்டர் சரி என்றால் சொட்டும் நாசில். ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்து, முகர்ந்தால் டீசல் வாடை வந்தால், டீசல் ஆயிலில் கலக்கிறது. அந்த வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

வேலை முடிந்து காற்று எடுக்கும்போது

இன்லைன் வண்டியில் ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் திறந்து, குமிழி இல்லாமல் டீசல் வரும் வரை ஹேண்ட் பம்பை அடித்து, டீசல் வந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை மூடுங்கள். அடுத்து பம்பின் ஏர் ஸ்க்ரூ. தேவைப்பட்டால் கடைசியாக இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்திச் செல்ஃப் அடிக்கலாம். காமன் ரெயிலில் ஹேண்ட் பம்போ மின் பம்போதான். உயர் அழுத்த நட்டைத் தொடாதீர்கள். புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டும் பழக்கம் காமன் ரெயிலுக்கு ஆகாது. வடிகட்டாத டீசல் நடுத் துளை வழியாக நேராகச் சுத்தமான பக்கத்துக்குப் போய்விடும். காலியாக மாட்டி, பம்ப் அடித்தே நிரப்புங்கள்.

அப்புறம் வண்டியை அன்றே அனுப்பிவிடாதீர்கள். லோடோடு ஒரு ஏற்றம் ஏற்றிவிட்டு வந்து, தொட்ட இணைப்புகளை எல்லாம் வெள்ளைத் துணியால் துடைத்து ஈரம் பாருங்கள். இரவு மூக்கு மேடாக நிறுத்துங்கள். காலையில் ஹேண்ட் பம்பைத் தொடாமல் செல்ஃப் அடிக்க வேண்டும். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டால் டிரைவர் தம்பியிடம் சாவியைக் கொடுக்கலாம்.